விளக்குப் பொறியும் ஒரு பதிவேடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடை என்றால் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசுவதே நம் வழக்கம். நான் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை என்பதை நன்கு அறிவேன். ஆயினும் நம் செயலாளர் அவர்கள், "உங்கள் தோட்டத்தில் பூச்சிக் கணக்கு எழுதுகிறீர்களே, அதைப் பற்றியே சொல்லுங்கள்" என்று வற்புறுத்தினார். பூச்சிக் கணக்கு என்று அவர் சொன்ன சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே துணிந்து வந்துவிட்டேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

விளக்கைத் தேடி வந்து விழும் பூச்சியை நாம் விட்டில் என்கிறோம். ஆசையால் அழிபவனுக்கு அதனை உவமை சொல்வது நம் நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். அறிவியல் நூல்கள் அந்த இனத்தை அந்துப்பூச்சி என்கின்றன. நெற்குதிரிலும் அரிசிப் பானையிலும் வருகின்ற சிறிய அந்து நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததே. அதன் உறவினர் கூட்டம் மிகப் பெரிது. உலகில் வண்ணத்துப்பூச்சி வகைகள் சுமார் 18,000 என்றால், அந்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 1,60,000 என்பர். நம் இந்திய நாட்டில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பகலில் பறக்கும் சிறுபான்மையினரைக் கண்டு களிக்கிறோம்; இரவில் பறக்கும் பெரும்பான்மையினரைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம். உலக நடைமுறை அப்படித்தான் இருக்கிறது!

அவை ஏன் விளக்கிடம் வருகின்றன? ஆசையால் அன்று என்பது இப்பொழுது தெளிவாகியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியையும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றையும் சார்ந்த ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். மிக விரைவாகப் படம் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறத்தலை அவர்கள் படமெடுத்தார்கள். பூச்சி விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்புகிறது. இரவிலும் தரையைவிட வானமே ஒளியுடையது. ஆகவே ஒளி இருக்கும் பக்கமே மேற்பக்கம் என்று பூச்சியின் உடல் பன்னெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. நாம் ஏற்றிய விளக்கு இந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. வானம் எங்கே, நிலம் எங்கே என்று தெரியாமல் அது சுழன்று சுழன்று விழுகிறது. விட்டில் ஆசைக்காரன் அல்லன், வழி தவறியவன். உவமை சொன்ன நம் முன்னோர் மீது குற்றமில்லை. அவர்களிடம் அந்தக் கருவி இல்லை.

அக்கட்டுரையில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி இன்னொன்று உண்டு. அவர்கள் சோதித்த பூச்சிகளுள் பெரும்பாலானவை அவ்வாறு முதுகைத் திருப்பின. அரளிச் செடியில் வளரும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று மட்டும், பழ ஈயைப் போலவே, அப்படிச் செய்யவில்லை. தம் கருத்துக்கு ஒத்துவராத அந்தச் செய்தியையும் அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இனி என் தோட்டத்திற்கு வருகிறேன். பிலாஸ்பூர் ரயில்வே குடியிருப்பில் நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். முன்புறம் சிறிது நிலம், ஒரு மாமரம், ஒரு கொய்யா, வேலியோரம் அரளி. என் வீட்டுப் பின்புறம் ஒரு நீர்மருது மரம் இருப்பது என் நல்லூழ். 2019 மார்ச்சு மாதம் முதல், சனிக்கிழமைதோறும் இரவில் அங்கே விளக்குப் பொறி வைத்து வருகிறேன். பொறி என்றதும் பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டா. ஒரு பிளாஸ்டிக் வாளி. அதன் வாயில் தகரத்தாலான ஒரு புனல். புனலின் மேல் புற ஊதா ஒளி தரும் ஒரு குழல்விளக்கு. விளக்கைச் சுற்றி மூன்று தகடுகள். சுற்றி வரும் பூச்சி தகட்டில் மோதி, புனல் வழியே வாளிக்குள் இறங்கும். வாளிக்குள் முட்டை அடுக்கும் காகித அட்டைகள் சிலவற்றை வைத்திருப்பேன். பூச்சி அவற்றின் குழிகளில் ஒடுங்கி விடியும் வரை உறங்கும். நஞ்சு எதுவும் வைப்பதில்லை. வந்தவை அனைத்தும் உயிரோடு வந்து உயிரோடு போக வேண்டும் என்பது நான் ஏற்றுக்கொண்ட விதி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தால் கரிச்சான் குருவி வந்து காத்திருக்கும். சுவரோரம் பல்லியும் வந்துவிடும். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எந்த வகை, எத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவேன். நாள், மழை, காற்று, நிலவின் நிலை, விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. நிலவைக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முழுநிலவு நாளில் பொறிக்கு வருபவை குறைவு. அதை எழுதாமல் விட்டால், பூச்சியே குறைந்துவிட்டது என்று பின்னால் பார்ப்பவர் தவறாக எண்ணக்கூடும். எழுதி முடித்ததும், அட்டைகளைச் செடிகளின் அடியில் நிழலான இடத்தில் வைத்துவிடுவேன். அவை பொழுது சாய்ந்ததும் தாமே பறந்து போகும். வாரத்திற்கு ஓர் இரவு மட்டும் வைப்பதற்கும் காரணம் உண்டு. நாள்தோறும் விளக்கேற்றி அவற்றின் இரவைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் என்னைப் பற்றி எண்ணியதை இப்பொழுது சொன்னால் சிரிப்பீர்கள். ஊதா விளக்கை ஏற்றிவைத்து, விடியற்காலையில் குந்தியிருந்து எதையோ எண்ணி எழுதுகிற மனிதரைக் கண்டு, மாந்திரீகம் செய்கிறார் என்று ஒருவர் சொன்னாராம். என் மனைவியார் மட்டும், "மாந்திரீகமானால் வருமானமாவது வரும்" என்று கூறினார்.

வருகின்றவர்கள் யார் யார் என்று கேட்பீர்கள். வெண்ணிறச் சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் வைத்து அச்சடித்த சீட்டித்துணி போன்ற ஒரு பூச்சி வரும். அதன் புழு கிலுகிலுப்பைச் செடியில் வளர்வது. யுட்டித்தீசா என்பது அதன் நூற்பெயர். முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பெரிய பூச்சி ஒன்று எப்போதாவது வரும். கையில் எடுத்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். அது தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும் திருடன்; அதன் புழு எள்ளுச் செடியிலும் கத்தரியிலும் வளரும். எதிர்வீட்டு மூதாட்டியார் அதைக் கண்டு, வீட்டிற்கு ஆகாது என்று அஞ்சினார். அதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "பாட்டி, இது எமனுடைய தூதன் அன்று, எள்ளுக்காட்டுப் பிள்ளை" என்றேன். இப்பொழுதெல்லாம் அவரே, "இந்த வாரம் உன் எள்ளுக்காட்டுப் பிள்ளை வந்தானா?" என்று விசாரிக்கிறார்.

எல்லாரினும் மேலான விருந்தாளி ஒருவர் உண்டு. நம் சங்கத்துத் தாய்மார்கள் ஊருக்குப் போகும்போது உறவினருக்குக் கோசாப் பட்டுச் சேலை வாங்கிச் செல்கிறார்கள் அல்லவா? இந்தச் சத்தீஸ்கர் நாட்டில் டசர்ப் பட்டுக்கே கோசா என்று பெயர். இங்கிருந்து ஹௌரா செல்லும் பாதையிலுள்ள சாம்பா நகரம் அதன் நெசவுக்குப் பெயர்பெற்றது. அந்தப் பட்டைத் தருவது அந்தேரியா மைலிட்டா என்னும் காட்டு அந்துப்பூச்சி. அதன் புழு நீர்மருது, கருமருது, சால் ஆகிய மரங்களின் இலையைத் தின்று வளர்கிறது. முதல் மழை பெய்து மண் குளிர்ந்த பிறகு, கூட்டை விட்டு வெளியே வருகிறது. ஒரு சாண் அகலம் விரிந்த சிறகு. ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடிச் சில்லு பதித்தாற்போன்ற ஒரு வட்டம். அதற்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாட்களே வாழ்ந்து, இனம் பெருக்கி மறைகிறது. நாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சேலையின் தாய், நம் வீட்டுப் பின்புற மருத மரத்தருகே பட்டினியாக வந்து உட்கார்ந்திருப்பதை முதன்முதல் கண்ட காலையில், நான் வெகுநேரம் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேண்டாத விருந்தாளியும் வருவதுண்டு. மக்காச்சோளப் படைப்புழு என்று உழவர்கள் அஞ்சுகின்ற பூச்சி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 2016இல் ஆப்பிரிக்காவிலும், 2018இல் நம் கருநாடக மாநிலத்திலும் காணப்பட்டது. பின் மிகக் குறுகிய காலத்தில் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. இத்தகைய பூச்சி எந்த ஊருக்கு எந்த மாதம் வந்தது என்பதை அறிய விளக்குப் பொறி பெருந்துணை செய்கிறது. நம் வேளாண் பண்ணைகளில் நெல் தண்டுத் துளைப்பானின் வருகையை அறிய விளக்குப் பொறி வைப்பது நெடுங்காலமாக உள்ள வழக்கமே.

பெயர் கண்டுபிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. இத்துறையில் இந்தியாவுக்கு அடிப்படை நூல் எழுதியவர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் நம் நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பூச்சி சேர்த்தவர். நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்பு 1892 முதல் 1896 வரை, அன்றைய இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். நூற்றாண்டு கடந்தும் அவை இன்னும் புரட்டப்படுகின்றன. என் போன்றவனுக்கு அவற்றின் ஆங்கிலம் எளிதில் விளங்குவதில்லை. இவ்வூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லி உதவுகிறார். அவருக்கும் தெரியாதவற்றைப் 'பெயர் தெரியாதது, பழுப்பு, சிறியது' என்றே எழுதி வைக்கிறேன். முதலில் அவ்வாறு எழுத வெட்கமாக இருந்தது. பிறகு, தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதே வெட்கம் என்பதை உணர்ந்தேன். அதை உணர்ந்த கதையைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்கு முன் வேறொரு நாட்டுப் பதிவேட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்று ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே சி. பி. வில்லியம்ஸ் என்னும் பூச்சியியல் அறிஞர், 1933ஆம் ஆண்டு பார்ன்ஃபீல்டு என்னும் வயலருகே ஒரு விளக்குப் பொறியை வைத்தார். இரவுதோறும் விழுந்தவற்றை எண்ணி எழுதச் செய்தார். முதல் நான்கு ஆண்டுகளில் எண்ணியவை 15,609 பூச்சிகள்; 240 வகைகள். இக்கணக்கை வைத்து, ரொனால்டு ஃபிஷர் என்னும் புள்ளியியல் மேதையும், காபெட் என்பவரும், வில்லியம்ஸும் சேர்ந்து 1943இல் எழுதிய கட்டுரை மிகவும் புகழ்பெற்றது. ஓரிடத்தில் சில வகைகள் மிகுதியாகவும், பல வகைகள் ஒன்றிரண்டாகவும் இருப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அது காட்டியது. ஒரே ஒரு முறை வந்து போன பூச்சியும் அந்தக் கணக்கில் தன் பங்கைப் பெற்றது.

அந்தப் பொறி 1937 வரை எரிந்து நின்றது. இடையே உலகப் போர் வந்தது. மீண்டும் 1946 முதல் 1950 வரை எரிந்தது, மறுபடி நின்றது. 1960இல் எல். ஆர். டெய்லர் என்பவர் அதே இடத்தில் அதே வகை விளக்கை மீண்டும் ஏற்றினார். பழைய கணக்கோடு ஒப்பிட்டபோது, பூச்சிகள் பெரிதும் குறைந்துவிட்டது தெரிந்து திடுக்கிட்டார். அதன் பிறகு அந்நாடு முழுவதும் அத்தகைய பொறிகள் வைக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றை நடத்தியவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். 1968 முதல் 2017 வரை ஐம்பது ஆண்டுகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, பெரிய அந்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 33 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஓசையில்லாமல் போயிற்று. யாரும் கண்ணால் கண்டு சொல்லக்கூடிய இழப்பு அன்று அது. பதிவேடு ஒன்றுதான் அதைக் கண்டது.

இதில் நான் கற்ற பாடம் என்னவென்றால், 1938 முதல் 1945 வரையுள்ள ஆண்டுகள் அந்தப் பதிவேட்டில் வெறுமையாகவே இருக்கின்றன. முன்னும் பின்னும் பார்த்து உத்தேசமாக நிரப்பியிருக்கலாம். யாரும் நிரப்பவில்லை. வெறுமை வெறுமையாக இருந்ததால்தான், எழுதப்பட்ட மற்ற எண்களை உலகம் நம்பியது.

அன்பர்களே, அந்த அறிஞர்கள் செய்யாத தவற்றை நான் செய்தேன். இதைச் சபையில் சொல்ல வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். சொல்வதே முறை என்று முடிவு செய்தேன்.

பதிவு தொடங்கிய 2019ஆம் ஆண்டு, மே மாதத்தில் உறவினர் திருமணத்திற்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போனேன். இரண்டு சனிக்கிழமைகள் இங்கில்லை. திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன். மார்ச்சு முதல் ஒரு வாரம் தவறாமல் எழுதியிருந்த பக்கத்தில் இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தன. எழுத்தன் கண்ணுக்கு வெற்று வரி உறுத்தும். அதற்கு முந்திய வாரத்தையும் பிந்திய வாரத்தையும் பார்த்து, ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, ஒன்றில் 31 என்றும் மற்றொன்றில் 27 என்றும் எழுதினேன். விளக்கு ஏற்றியது மாலை 7, அணைத்தது காலை 5 என்றும் நிரப்பினேன். யாருக்கு என்ன கேடு என்று நினைத்தேன். சில நாட்களில் அதை மறந்தும் போனேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நான் மேலே குறிப்பிட்ட பேராசிரியர் இவ்வட்டாரத்து அந்துப்பூச்சிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும் பொருட்டு என் பதிவேட்டின் படி ஒன்றைக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு அவர் வசதிக்காக அதைத் தெளிவாக எழுதித் தரவும் முனைந்தேன். எழுதும் பணியில் அடுத்த வீட்டு நண்பரின் மகள் உதவி செய்தாள். பள்ளியில் படிக்கும் பெண். பூச்சிகளை அழகாக வரைவாள். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நிறுத்தி, "மாமா, இந்த நாளில் உங்கள் விளக்கு எப்படி எரிந்தது?" என்று கேட்டாள்.

"ஏன் அம்மா?" என்றேன்.

"அன்றைக்குத்தான் என் தம்பியின் முதல் பிறந்தநாள். பெருங்காற்று அடித்து மின்கம்பி அறுந்து விழுந்தது. விடியும் வரை குடியிருப்பு முழுவதும் இருட்டு. மெழுகுவத்தி வைத்துக்கொண்டுதான் எல்லாரும் சாப்பிட்டோம். நீங்கள்கூட ஊரில் இருந்தீர்கள், மாமா. அப்பா உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்."

அவள் குற்றம் சாட்டவில்லை. விளங்காததைக் கேட்டாள், அவ்வளவுதான். என் காது மடல் சுட்டது. மேலதிகாரி கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். குழந்தையிடம் சொல்வதற்குச் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை. "நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், அம்மா" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்படியானால் இதை நான் எழுதட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

அலுவலகப் பதிவேட்டில் தவறான பதிவைச் சுரண்டி அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது நம் விதி. அவ்வாறே சிவப்பு மையால் அந்த இரு வரிகளையும் அடித்து, 'பார்க்காமல் எழுதியது; நீக்கப்பட்டது' என்று குறித்து ஒப்பமிட்டேன். அன்றிரவே பேராசிரியருக்கும் விவரமாகக் கடிதம் எழுதினேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. என்னை நேரில் அழைத்து, மிக அமைதியாக, "இந்த இரண்டு வரியும் பொய் என்பது நீங்கள் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. அந்த ஆண்டின் மற்ற வரிகளை நான் எதைக் கொண்டு நம்புவது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவர் 2019ஆம் ஆண்டுப் பதிவு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டார். அவ்வாண்டின் மற்ற வரிகள் எல்லாம் உண்மையானவை. விடியற்காலையில் எழுந்து, கொசுக்கடியில் குந்தியிருந்து, நேர்மையாக எண்ணியவை. முதல் கோசாப் பூச்சி வந்த நாளும் அவற்றுள் ஒன்று. இரண்டு பொய் வரிகள் ஓராண்டின் மெய் வரிகளை எல்லாம் தின்றுவிட்டன. நெற்குதிரில் அந்து புகுந்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. என் பதிவேட்டில் புகுந்த அந்து நானே.

அதன்பின் என் பதிவேட்டில் ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். அதற்கு 'பார்த்தேனா?' என்று தலைப்பு. நான் ஊரில் இல்லாத வாரம், நோயுற்ற வாரம், மின்சாரம் போன வாரம் ஆகியவற்றில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவேன். விளக்கு இரவெல்லாம் எரிந்து, காலையில் அட்டைகள் யாவும் வெறுமையாக இருந்தால் 'பார்த்தேன். ஒன்றும் இல்லை' என்று எழுதுவேன். தை மாதக் குளிரில் அத்தகைய இரவுகள் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் பூச்சி இல்லை. ஆனால் ஒன்று நம் அறியாமை. மற்றொன்று நம் அறிவு. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் பதிவேட்டால் பயனில்லை.

நம் அலுவலகத்தில் நில் ரிட்டர்ன் என்று ஒன்று கேட்பார்கள். தெரிவிக்க ஒன்றும் இல்லையானாலும், 'ஒன்றும் இல்லை' என்று எழுதி, ஒப்பமிட்டு, குறித்த நாளில் அனுப்ப வேண்டும். இல்லாததற்கு ஏன் ஒரு தாள் என்று இளமையில் நானும் முணுமுணுத்தவனே. இப்பொழுது அதன் பெருமையை உணர்கிறேன். அனுப்பாத தாளும் 'இல்லை' என்று எழுதிய தாளும் ஒன்றல்ல. ஒன்றும் வராத இரவுகளை எழுதி வைத்தால்தான், பிற்காலத்தில் ஒருவர், "இந்த இடத்தில் முன்பு இத்தனை வந்தன, இப்பொழுது வரவில்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியும். வள்ளுவர் வாய்மைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது பெரிய மனிதர்களுக்கு, பெரிய செயல்களுக்கு என்று எண்ணியிருந்தேன். ஒரு வாளிக்குள் எத்தனை பூச்சி என்பதற்கும் அது வேண்டியிருக்கிறது என்பதை ஒரு பெண் குழந்தை எனக்குக் கற்பித்தாள்.

இதனால் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலருக்கு இந்த ஊரே சொந்த ஊர். அவர்கள் இங்கே பிறந்தார்கள்; அர்ப்பா ஆற்றங்கரையில் வளர்கிறார்கள். ஊர் என்பது மொழியும் கோயிலும் உறவும் மட்டுமன்று. அங்கே எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பூச்சி எந்த மழைக்கு வரும் என்பதும் சேர்ந்ததே ஊர். நம் தாத்தாக்களுக்கு அவர்கள் ஊரைப் பற்றி அது தெரிந்திருந்தது. வேலைக்காக வந்த நாம் இந்த ஊரை அந்த அளவுக்கு அறிந்துகொள்ளவில்லை. நம் பிள்ளைகளாவது அறியட்டும்.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இரவில் தேவையின்றித் தோட்ட விளக்கை எரிய விடாதீர்கள். இங்கிலாந்தில் 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தெருவிளக்கின் ஒளி விழும் வேலிச் செடிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள், இருளிலுள்ள வேலிகளைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தன என்று கண்டார்கள். புழு குறைந்தால் குஞ்சுக்கு இரை தேடும் குருவிக்குத்தான் முதலில் பசி. இரண்டாவது, அரளியில் பச்சைப் புழு ஒன்றைக் கண்டவுடன் மருந்து தெளிக்காதீர்கள். அது சில இலைகளைத் தின்னும்; அரளி மீண்டும் தழைக்கும். பொறுத்திருந்தால் பச்சைப் பட்டில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கோலமிட்டாற்போன்ற ஒரு பூச்சியைக் காண்பீர்கள். மூன்றாவது, விருப்பமுள்ள வீடுகள் வாரம் ஓர் இரவு ஒரு விளக்கும், ஒரு வெள்ளைத் துணியும், ஒரு பதிவேடும் வையுங்கள். நம் வீடுகளில் இரண்டு மூன்று சேர்ந்தாலும், ஒருவர் பதிவை மற்றவர் பதிவால் சரிபார்க்கலாம். பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டா. எண்ணத் தெரிந்தால் போதும். உண்மையாக எழுதத் தெரிந்தால் போதும்.

அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் கூறி அமைகிறேன். இப்பொழுது நான் ஊருக்குப் போகும் வாரங்களில் அவளே விளக்கேற்றிப் பதிவு செய்கிறாள். சென்ற தை மாதம் நான் திரும்பி வந்தபோது, பதிவேட்டில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'பார்த்தேன். பனி. ஒன்றும் இல்லை.' கீழே அவள் பெயரும் ஒப்பமும் இருந்தன. என் பதிவேட்டில் நான் மிகவும் மதிக்கின்ற வரி அதுவே.